யூட்டா, 1857: மார்மன்களின் பயம் நிஜமா, சாக்கா?

"1857-ல் அமெரிக்க ராணுவம் யூட்டாவை நோக்கிப் புறப்பட்டபோது அங்கே இருந்த மார்மன்கள் நிஜமாகவே பயந்தார்களா, இல்லை, மத்திய அரசுக்கு அடங்க மறுத்ததை மூடி மறைக்கப் பயத்தைச் சாக்காகச் சொன்னார்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மார்மன்கள் என்பவர்கள் அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபையினர்; யூட்டா அந்நாட்டின் மேற்கில் இருக்கிறது. இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் மவுண்டன் மெடோஸ் என்ற புல்வெளியில் ஏறத்தாழ 120 வழிப்போக்கர்களைச் சுட்டும் வெட்டியும் கொன்றார்களே, அதற்கு 'போர்க்காலப் பயம்' என்ற விளக்கம் செல்லுமா? உண்மையில் அவர் கேட்க வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். கல்லூரியில் அமெரிக்க வரலாறு நடத்திய காலத்தில் மாணவர்கள் அதிகம் மல்லுக்கு நின்ற இடமும் இதுதான். யூட்டாவின் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து வேலை செய்தவன் அல்ல நான். அச்சில் வந்திருக்கும் கடிதங்கள், நாட்குறிப்புகள், விசாரணைப் பதிவுகள் ஆகியவற்றை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் பயத்தின் வேரைப் பார்ப்போம். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. மார்மன் சபை 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது. அங்கிருந்து ஒஹையோ, மிசௌரி, இலினாய் என்று போன இடமெல்லாம் அண்டை அயலாரோடு மோதல். மிசௌரியில் 1838 அக்டோபர் 27 அன்று ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களை மாநிலத்தை விட்டு விரட்ட வேண்டும், இல்லையேல் ஒழித்துக்கட்ட வேண்டும் என்று எழுத்திலேயே உத்தரவிட்டார். மூன்று நாள் கழித்து ஹான்ஸ் மில் என்ற சிற்றூரில் 17 மார்மன்கள் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் பத்து வயதுப் பையனும் உண்டு. கொலைகாரர்கள் கையில் அந்த உத்தரவு அதற்குள் போய்ச் சேர்ந்திருக்குமா என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகிக்கிறார்கள். ஆனால் உயிர் தப்பியவர்களுக்கு அந்த வித்தியாசம் எதற்கு? அவர்கள் மனதில் இரண்டும் ஒன்றாகவே பதிந்துவிட்டன. அந்த உத்தரவு முறைப்படி ரத்தானது 1976-ல்தான் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது இலினாய். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தும் அவர் அண்ணன் ஹைரமும் 1844 ஜூன் 27 அன்று கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பலால் கொல்லப்பட்டார்கள். அவர்கள் சரணடைந்ததே, உயிருக்கு ஆபத்து வராது என்று மாநில ஆளுநர் தாமஸ் ஃபோர்டு வாக்குக் கொடுத்ததை நம்பித்தான். அதன் பிறகுதான் பிரிகாம் யங் தலைமையில் மேற்கு நோக்கிய நெடும்பயணம். 1847 ஜூலை 24-ல் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தபோது அந்த மண் மெக்சிகோவுக்குச் சொந்தமாக இருந்தது. அடுத்த ஆண்டே போர் முடிந்து அது அமெரிக்காவின் கைக்கு வந்தது. விட்டுவிட்டு ஓடிவந்த கொடி பின்னாலேயே வந்து தலைக்கு மேல் பறந்தது. ஆக, 'அரசு படை அனுப்புகிறது' என்ற செய்தி 1857-ல் வந்தபோது அதைக் கேட்டவர்களில் ஏராளமானோர் ஏற்கெனவே வீடு எரிந்து, பண்ணை பறிபோய், உறவைப் புதைத்துவிட்டு வந்தவர்கள். இதைக் கற்பனைப் பயம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

சரி, வாஷிங்டன் பக்கம் நியாயமே இல்லையா? இருந்தது. 1850-ல் யூட்டா ஒரு பிரதேசமாக அமைக்கப்பட்டது. மாநில அந்தஸ்து இல்லாததால் ஆளுநரையும் நீதிபதிகளையும் குடியரசுத் தலைவர்தான் நியமிப்பார். முதல் ஆளுநராக பிரிகாம் யங்கையே நியமித்தார்கள். பூர்வகுடிகள் விவகாரத்துக்கான கண்காணிப்பாளர் பதவியும் அவரிடமே. சபைத் தலைவரும் அவர்தான். மதம், நிர்வாகம், உள்ளூர்ப் படை எல்லாம் ஒரே வட்டத்துக்குள். வெளியிலிருந்து வந்த நீதிபதிகள் ஊர்க்காரர்களோடு மோதிக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். 1852-ல் பலதார மணத்தைச் சபை பகிரங்கமாக அறிவித்ததும் நாடெங்கும் கொதிப்பு. 1856 தேர்தலில் புதிதாகப் பிறந்த குடியரசுக் கட்சி, அடிமை முறையையும் பலதார மணத்தையும் காட்டுமிராண்டித்தனத்தின் இரட்டை மிச்சங்கள் என்று சேர்த்து வைத்துச் சாடியது. வென்றது ஜனநாயகக் கட்சியின் ஜேம்ஸ் புக்கானன். அடிமை முறையில் கைவைக்கத் துணியாத ஒரு அரசுக்கு, மார்மன்கள் மீது கண்டிப்பு காட்டுவது வசதியான காரியம். இது என் அபிப்பிராயம். புக்கானன் அப்படிக் கணக்குப் போட்டார் என்று நிரூபிக்கும் காகிதம் எதையும் நான் காட்ட மாட்டேன்.

படை அனுப்ப உடனடித் தூண்டுதலாக இருந்தவற்றில் ஒன்று நீதிபதி டிரம்மண்ட் 1857 மார்ச் 30 தேதியிட்டு எழுதிய ராஜினாமாக் கடிதம். யங்கின் அனுமதியோடு நீதிமன்ற ஆவணங்களை எரித்துவிட்டார்கள் என்பது அதில் முக்கியமான குற்றச்சாட்டு. இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1856 டிசம்பரில் நீதிபதி ஸ்டைல்ஸின் அலுவலகத்துக்குள் மார்மன்கள் புகுந்தது நிஜம். அவருடைய சட்டப் புத்தகங்களும் சொந்தக் காகிதங்களும் எரிந்ததும் நிஜம். ஆனால் நீதிமன்றப் பதிவேடுகளை முன்கூட்டியே பத்திரமாக அப்புறப்படுத்தியிருந்தார்கள். 1858-ல் புதிய ஆளுநர் போய்ப் பார்த்து, எல்லாம் அப்படியே இருப்பதாக வாஷிங்டனுக்கு எழுதினார். ஆக, அரசு நம்பிய குற்றச்சாட்டு பொய், அதற்கு அடியில் இருந்த அத்துமீறல் உண்மை. இந்தக் கதை முழுக்க இப்படித்தான் போகும். அப்புறம், ஒழுக்கம் பற்றி யூட்டாக்காரர்களுக்கு உபதேசம் செய்த அந்த டிரம்மண்ட், மனைவியை இலினாயில் விட்டுவிட்டு வேறொரு பெண்ணோடு யூட்டா வந்து, அவளை நீதிமன்றத்திலேயே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டவர்.

புக்கானன் செய்த பெரிய தவறு என்று நான் நினைப்பது படை அனுப்பியதை அல்ல. தன் பிரதேசத்துக்குப் புதிய ஆளுநரை அனுப்பவும், துணைக்குச் சிப்பாய்களை அனுப்பவும் அவருக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் ஒரு விசாரணை அதிகாரியை அனுப்பி நிலைமை என்னவென்று பார்க்கவில்லை. உங்களை மாற்றிவிட்டு ஜார்ஜியாக்காரரான ஆல்ஃபிரட் கம்மிங்கை நியமித்திருக்கிறேன் என்று பதவியில் இருக்கும் ஆளுநருக்கு ஒரு வரி எழுதவில்லை. போதாக்குறைக்கு, அந்தச் சமயம் பார்த்து மார்மன்களிடம் இருந்த தபால் ஒப்பந்தத்தையும் ரத்து செய்தார்கள். மிசௌரியின் இண்டிபென்டன்ஸ் நகரில் யூட்டாவுக்கான தபாலை ஒப்படைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தந்திக் கம்பி இன்னும் யூட்டாவை எட்டாத காலம். கடிதம் ஒன்றுதான் வழி, அதையும் அடைத்தாயிற்று. இந்த நிலையில் ஏறத்தாழ 2,500 சிப்பாய்கள் லெவன்வொர்த் கோட்டையிலிருந்து ஜூலையில் கிளம்புகிறார்கள். முதலில் தளபதியாக அறிவிக்கப்பட்டவர் வில்லியம் ஹார்னி. இரண்டு வருடம் முன்பு நெப்ராஸ்கா பக்கம் ப்ளூ வாட்டர் ஓடைக்கரையில் பூர்வகுடிகளான லகோட்டா மக்களைப் பெண்கள், குழந்தைகள் உட்படக் கொன்று குவித்த படையை நடத்தியவர். பிறகு கான்சாஸ் கலவரத்துக்காக அவரை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள் என்றாலும், அவர் பெயர் யூட்டாவை எட்டிவிட்டது.

செய்தி வந்த விதத்தைப் பாருங்கள். ஜூலை 24, பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்த பத்தாவது ஆண்டு விழா. பிக் காட்டன்வுட் மலைக்கணவாயின் உச்சியில், ஒரு ஏரிக்கரையில் சுமார் 2,500 பேர் கூடியிருக்கிறார்கள். பேண்டு வாத்தியம், பீரங்கி முழக்கம், பலகை பாவிய நடனத் தளம். நடுப்பகலில் நகர மேயர் ஸ்மூட்டும் இன்னும் சிலரும் வந்து இறங்குகிறார்கள். லாரமி கோட்டையிலிருந்து 500 மைலை ஐந்தே நாளில் ஓட்டி வந்திருந்தார்கள். தபால் நின்றுவிட்டது, படை வருகிறது. அன்று மாலை கூட்டத்தில் இது அறிவிக்கப்பட்டது. யங்குக்கு அதற்கு முன்பே காற்றுவாக்கில் விஷயம் தெரிந்திருந்தது என்றும், விழா மேடையை அறிவிப்புக்கு வசதியாகப் பயன்படுத்திக்கொண்டார் என்றும் இன்றைய ஆய்வாளர்களில் சிலர் சொல்கிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் சாதாரணக் குடும்பங்களுக்கு அது இடி விழுந்த செய்தி என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

பயம் நிஜம் என்று ஒப்புக்கொண்டதும் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நான் அடுத்த படிக்கும் போவேன். அந்தப் பயத்தைத் தலைவர்கள் வளர்த்தார்கள். 1856-லிருந்தே 'சீர்திருத்தம்' என்ற பெயரில் ஊர் ஊராக அனல் பறக்கும் பிரசங்கங்கள் நடந்துகொண்டிருந்தன. பாவத்துக்கு ரத்தம் சிந்தித்தான் பரிகாரம் என்கிற அளவுக்குப் பேச்சு போயிருந்தது. ஆகஸ்டில் ஜார்ஜ் ஏ. ஸ்மித் என்ற மூத்த தலைவர் தெற்கு யூட்டா முழுவதும் சுற்றி, தானியத்தைச் சேமியுங்கள், வழிப்போக்கர்களுக்கு விற்காதீர்கள், ஆயுதங்களைத் தயாராக வையுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். முற்றுகைக்குத் தயாராகும் ஊருக்கு இது நியாயமான யோசனைதான். ஆனால் கலிஃபோர்னியா போகும் பாதை அந்த ஊர்களின் வழியாகத்தான் போனது. மாட்டுக்கும் மனிதருக்கும் மாவும் தானியமும் வாங்காமல் அந்தப் பாலைவனத்தைக் கடக்க முடியாது. விற்க மறுத்த ஒவ்வொரு ஊரிலும் வாய்ச்சண்டை. இது போக, பூர்வகுடிகளைக் கட்டுப்படுத்தி வைக்கும் வேலையை இனி செய்யமாட்டேன் என்று யங் வெளிப்படையாகவே பேச ஆரம்பித்தார். வாஷிங்டனை மிரட்டச் சொன்னது. பலித்தது வேறு இடத்தில்.

இப்போது செப்டம்பரின் இரண்டாவது வாரம். ஒரே வாரத்தில் இரண்டு இடங்களில் என்ன நடந்தது என்று சேர்த்து வைத்துப் பாருங்கள். செப்டம்பர் 8-ல் கேப்டன் ஸ்டுவர்ட் வான் வ்லீட் என்ற ராணுவ அதிகாரி தனியாகச் சால்ட் லேக் நகருக்கு வருகிறார். வரப்போகும் படைக்குத் தீவனமும் தானியமும் வாங்குவது அவர் வேலை. மரியாதையாக வரவேற்று, தோட்டங்களைச் சுற்றிக் காட்டி, பழம் கொடுத்து, ஒரு மணி தானியம்கூட விற்க மாட்டோம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். படை உள்ளே வந்தால் நாங்களே இதையெல்லாம் கொளுத்திவிட்டு மலைக்குப் போய்விடுவோம் என்கிறார்கள். அவர் அதை நம்பினார். இவர்கள் விளையாடவில்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். கிட்டத்தட்ட ஒரு தூதுவர் மாதிரி அவர் பேசிக்கொண்டிருந்த அதே நாட்களில், தெற்கே 250 மைலுக்கு அப்பால், ஆர்கன்சாவிலிருந்து கலிஃபோர்னியா போய்க்கொண்டிருந்த பேக்கர்–ஃபேன்ச்சர் கூட்டத்தை உள்ளூர் மார்மன்களும் பூர்வகுடியினர் சிலரும் மவுண்டன் மெடோஸில் வளைத்துவிட்டார்கள். முதல் தாக்குதல் செப்டம்பர் 7. வண்டிகளை வட்டமாக நிறுத்தி, சக்கரங்களைச் சங்கிலியால் பிணைத்து, தண்ணீருக்குத் தவித்துக்கொண்டு ஐந்து நாள் தாக்குப்பிடித்தார்கள். 11-ம் தேதி ஜான் டி. லீ வெள்ளைக் கொடியோடு வந்தார். ஆயுதங்களைக் கொடுத்துவிடுங்கள், செவ்விந்தியர்களிடமிருந்து காப்பாற்றிப் பத்திரமாகக் கூட்டிப்போகிறோம் என்றார். வேறு வழியில்லாமல் நம்பினார்கள். காயம்பட்டவர்களும் சின்னக் குழந்தைகளும் முன்னால் வண்டியில், பின்னால் பெண்களும் பெரிய பிள்ளைகளும், கடைசியில் ஆண்கள், ஒவ்வொரு ஆணுக்கும் பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு மார்மன் படைவீரன். ஓர் இடத்தில் சைகை கொடுத்தார்கள். பக்கத்தில் நடந்தவனே சுட்டான். வெளியே போய்ச் சொல்லத் தெரியாத வயது என்று 17 குழந்தைகளை மட்டும் விட்டுவைத்தார்கள்.

இதில் எது உறுதி, எது தகராறு? கொலையைத் திட்டமிட்டது சீடர் சிட்டி, பாரோவன் பகுதியின் மார்மன் தலைவர்கள். அவர்களே உள்ளூர்ப் படையின் அதிகாரிகளும்கூட. ஐசக் ஹைட், வில்லியம் டேம், ஜான் ஹிக்பீ, லீ. இது உறுதி. பூர்வகுடி பையூட்டுகள் மீது மொத்தப் பழியையும் போட முயன்றது பொய் என்பதும் உறுதி. பையூட்டுகளில் எத்தனை பேர், எந்த அளவுக்குச் சேர்ந்திருந்தார்கள் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இறந்தவர்கள் நீரூற்றில் விஷம் கலந்தார்கள், ஜோசப் ஸ்மித்தைக் கொன்றது நாங்கள்தான் என்று பீற்றிக்கொண்டார்கள் என்பதெல்லாம் பின்னால் பரவிய கதைகள். பெரும்பாலான ஆய்வாளர்கள் விஷக் கதையை ஏற்பதில்லை. அந்த மே மாதம் பார்லி பிராட் என்ற மார்மன் தலைவர் ஆர்கன்சாவில் கொலையுண்டதற்குப் பழிவாங்கல் என்பாரும் உண்டு. ஆனால் இந்தக் குடும்பங்கள் அதற்கு முன்பே ஊரை விட்டுக் கிளம்பியவர்கள்.

பிரிகாம் யங் உத்தரவிட்டாரா என்பதுதான் ஓயாத சண்டை. சீடர் சிட்டிக்காரர்கள் ஜேம்ஸ் ஹாஸ்லம் என்பவரைக் குதிரையில் அனுப்பி, இந்தக் கூட்டத்தை என்ன செய்வது என்று யங்கிடம் கேட்டார்கள். செப்டம்பர் 10 தேதியிட்ட பதிலில், வழிப்போக்கர்கள் விஷயத்தில் தலையிடக் கூடாது, போக விடுங்கள், செவ்விந்தியர்கள் தங்கள் இஷ்டப்படி செய்வார்கள் என்று எதிர்பார்க்கிறோம், ஆனாலும் அவர்களோடு நல்லுறவைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அதன் நகல் யங்கின் கடிதப் பிரதி ஏட்டில் இருக்கிறது. ஹாஸ்லம் திரும்பி வந்தது 13-ம் தேதி, எல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்து. நேரடி உத்தரவுக்கு ஆதாரம் இல்லை என்பதே என் முடிவும். ஆனால் அதே கடிதத்தின் இரண்டாவது பாதியை மறுபடி படியுங்கள். செப்டம்பர் முதல் தேதி பூர்வகுடித் தலைவர்களைச் சந்தித்தபோது, தெற்குப் பாதையில் போகும் கால்நடைகளை எடுத்துக்கொள்ளலாம் என்று யங் சொன்னதாக மொழிபெயர்ப்பாளரின் நாட்குறிப்பில் ஒரு குறிப்பு இருக்கிறது. அதைக் கொலைக்கு அனுமதி என்று சிலரும், போர்த் தந்திரப் பேச்சு என்று சிலரும் படிக்கிறார்கள். கொல்லச் சொன்னார் என்பதற்கும், கொல்வது நடக்கக்கூடிய சூழலை உண்டாக்கினார் என்பதற்கும் உள்ள தூரம் சட்டத்தில் பெரிது. இரண்டாவதை என்னால் மறுக்க முடியவில்லை.

மறுபக்கம், அசல் ராணுவத்தோடு நடந்த 'போரில்' மார்மன்கள் காட்டிய கட்டுப்பாடு வியப்பாக இருக்கும். அக்டோபர் தொடக்கத்தில் பிரிட்ஜர் கோட்டையை அவர்களே கொளுத்தினார்கள். தளபதி டேனியல் வெல்ஸின் உத்தரவு ஒன்று ராணுவத்திடம் பிடிபட்டது: புல்லை எரியுங்கள், மாடுகளை விரட்டுங்கள், இரவில் தூங்க விடாதீர்கள், ஆனால் உயிரை எடுக்காதீர்கள். லாட் ஸ்மித் ஒரு சிறு குதிரைப் படையோடு கிரீன் ரிவர் பகுதியில் எழுபதுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளைக் கொளுத்தினார். பன்றி இறைச்சி, மாவு, காப்பி, சர்க்கரை, சோப்பு, மெழுகுவத்தி எல்லாம் சாம்பல். கடவுள் பெயரால் கேட்கிறேன், எரிக்காதே என்று வண்டித் தலைவர் கெஞ்ச, அவர் பெயரால்தான் எரிக்கப்போகிறேன் என்று பதில் சொன்னதாக ஸ்மித் பின்னாளில் எழுதினார். வயதான வீரர்களின் நினைவுக் குறிப்பில் வரும் வசனங்களை நான் பாதி விலைக்குத்தான் வாங்குவேன். ஆனால் வண்டி எரிந்தது உறுதி. நவம்பர் பனியில் கர்னல் ஆல்பர்ட் சிட்னி ஜான்ஸ்டனின் படை 35 மைல் நகர 15 நாள் பிடித்தது. மாடுகளும் குதிரைகளும் வழியெல்லாம் செத்து விழுந்தன. பிரிட்ஜர் கோட்டைக்கு அருகே குளிர்காலம் முழுக்க அரை வயிற்றோடு கிடந்தார்கள். உப்புகூட இல்லை. யங் சுமார் 800 பவுண்டு உப்பு அனுப்பினார். ஜான்ஸ்டன் திருப்பி அனுப்பிவிட்டார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டிவரும் என்று பயந்தாரோ என்னவோ.

முடிச்சை அவிழ்த்தவர் தாமஸ் கேன். ஃபிலடெல்ஃபியாக்காரர், மார்மன் அல்ல, ஆனால் அவர்களின் நெடுநாள் நண்பர், நோஞ்சான். பனாமா, கலிஃபோர்னியா வழியாக 'டாக்டர் ஆஸ்போர்ன்' என்ற பொய்ப் பெயரில் 1858 பிப்ரவரியில் சால்ட் லேக் வந்தார். அங்கிருந்து பனியில் ராணுவ முகாமுக்குப் போய், படையை விட்டுவிட்டுத் தனியாக வாருங்கள் என்று புதிய ஆளுநர் கம்மிங்கைச் சம்மதிக்க வைத்தார். ஏப்ரலில் கம்மிங் வந்தார், யாரும் தடுக்கவில்லை, பதவியும் ஒப்படைக்கப்பட்டது. அப்படியும் மக்கள் நம்பவில்லை. இங்கேதான் பயம் நாடகமா என்ற உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் இருக்கிறது. ஆளுநர் சமாதானமாக வந்து உட்கார்ந்த பிறகும் ஏறத்தாழ 30,000 பேர் வீட்டைக் காலி செய்து தெற்கே ப்ரோவோ பக்கம் நடந்தார்கள். 1860 கணக்கெடுப்பில் யூட்டாவின் மொத்த மக்கள்தொகையே 40,000-ஐச் சற்றுத் தாண்டியதுதான். கதவு ஜன்னலில் பலகை அடித்து, வீட்டுக்குள் வைக்கோலைப் பரப்பி, தேவைப்பட்டால் தீ வைக்கச் சில ஆட்களை விட்டுவிட்டுப் போனார்கள். கட்டிக்கொண்டிருந்த கோவிலின் அஸ்திவாரத்தை மண் போட்டு மூடி, உழுத வயல் மாதிரி ஆக்கினார்கள். தலைமை சொன்னதால் போனார்கள் என்பது சரி. ஆனால் கைக்குழந்தையோடு கோடையில் கூடாரத்தில் கிடப்பதற்குக் கட்டளை மட்டும் போதாது.

புக்கானன் ஏப்ரலிலேயே பொது மன்னிப்பில் கையெழுத்திட்டிருந்தார். ஜூனில் இரண்டு தூதர்கள் அதைக் கொண்டுவந்தார்கள். வண்டிகளை எரித்ததற்கு மன்னிப்பை ஏற்கிறேன், துரோகம் எதையும் நான் செய்யவில்லை என்ற தோரணையில் யங் ஏற்றுக்கொண்டார். ஜூன் 26-ல் ராணுவம் ஆளில்லாத நகரத்தின் நடுவே அணிவகுத்துப் போய், நாற்பது மைல் தள்ளி கேம்ப் ஃபிளாய்டில் முகாமிட்டது. ஒரு வீட்டையும் தொடவில்லை. மக்கள் திரும்பி வந்தார்கள். நேருக்கு நேர் ஒரு சண்டைகூட நடக்காமல் போர் முடிந்தது.

நேருக்கு நேர் சண்டை இல்லை என்பதை வைத்து இதை 'ரத்தம் சிந்தாத போர்' என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடு இல்லை. புல்வெளியில் கிடந்தவர்களின் எலும்புகளை 1859-ல் மேஜர் கார்ல்ட்டனின் சிப்பாய்கள்தான் பொறுக்கிப் புதைத்தார்கள். உயிர்தப்பிய குழந்தைகளை அந்த ஆண்டுதான் ஆர்கன்சாவில் இருந்த உறவினர்களிடம் சேர்த்தார்கள். வழக்கு 1875 வரை விசாரணைக்கே வரவில்லை. முதல் விசாரணையில் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை. இரண்டாவதில், மார்மன்கள் மட்டுமே இருந்த ஜூரி லீயைக் குற்றவாளி என்றது. 1877 மார்ச் 23-ல் அதே மவுண்டன் மெடோஸில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஹைட், ஹிக்பீ, டேம் யாரும் தண்டனை பெறவில்லை. 'பயத்தில் செய்தார்கள்' என்ற விளக்கம் அந்த மூவருக்குப் பொருந்துமா என்று யாராவது கேட்டால் நான் தேதிகளைக் காட்டுவேன். ராணுவம் அப்போது நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்தது. புல்வெளியில் நிராயுதபாணியாக நடந்தவர்களால் 11-ம் தேதி யாருக்கும் ஆபத்து இல்லை. தப்பி கலிஃபோர்னியா போய்ச் சேர்ந்தால் முதல் தாக்குதலில் வெள்ளைக்காரர்களும் இருந்ததைச் சொல்லிவிடுவார்கள் என்பதுதான் அவர்களுடைய அன்றைய பயம். மிசௌரியில் வீடு எரிந்தவர்களின் பயத்தோடு இதைச் சேர்த்து எண்ண நான் தயாராக இல்லை.